அரிசி கொண்டுவந்தவர்

நோர்பரி, லண்டன்
11 பெப்ரவரி 2009

அன்புள்ள அப்பா,

கமலேஸ்வரி மாமி வன்னியிலிருந்து எந்த நேரமும் வீட்டுக்குப் போன் எடுக்கலாம், லைன் சும்மா இருக்க வேண்டும், இனி போன் எடுக்காதே என்று சொல்லிவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ரிசீவரை வைத்த வேகம் லைனுக்காக மட்டும் இல்லை.

"அந்தாளின்ர ஒஃபிசிலயே இருக்கிறாய். வாயைத் திறந்து கமலேஸ்வரிக்காக ஒரு வார்த்தை கேட்க ஏலாதோ? என்ன பிள்ளை நீ?" என்று கேட்டீர்கள். பதில் சொல்ல விடவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஹாவர்காம்ப் இப்போது உங்கள் ஊர் நகரசபைக்காரர் இல்லை. பல நாடுகள் சேர்ந்து நியமித்த தூதர். யுத்தம் நடக்கும் இடங்களுக்கு மருந்தும் உணவும் போவதற்கு இரண்டு தரப்போடும் பேசுவது அவர் வேலை. நான் சேர்ந்த முதல் நாளே சொன்னார்: "இந்த அலுவலகத்தில் எவரும் தன்னுடைய ஆளை மேசைக்குக் கொண்டுவருவதில்லை. ஒரு பெயரைச் சொன்னால் மற்றப் பெயர்களைப் பின்னால் தள்ளுகிறோம்." அன்று எனக்கு அது மிகவும் பிடித்தது. இன்றும் அது பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் என் கஷ்டம்.

இன்னொரு விடயம். ஜூனில் இங்கே ஒரு நிறுவனம் அவருக்கு விருந்து வைத்துக் கௌரவிக்கப் போகிறது. அங்கே வாசிப்பதற்கு அவருடைய பொதுவாழ்வைச் சுருக்கி எழுதும் வேலை எனக்கு வந்திருக்கிறது, டச்சு வாசிப்பேன் என்பதால். ஆசிரியர், நகரசபை, நாடாளுமன்றம், அமைச்சர், தூதர். 1985 பற்றிப் பழைய ஆவணங்களில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: "தமிழ் அகதிகள் விடயத்தில் ஈடுபாடு காட்டினார்." அந்த ஒரு வரிக்குள் நீங்கள் இருக்கிறீர்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள். கோபத்தோடு என்றாலும் பரவாயில்லை.

சயந்தினி


ஹோல்டர்வைக், நெதர்லாந்து
19 பெப்ரவரி 2009

மகள் சயந்தினிக்கு,

உனக்குக் கதை வேண்டும், எனக்கு என் தங்கச்சி வேண்டும். நீ கேட்டதை முதலில் தருகிறேன். பிறகு நான் கேட்பதை நீ தா.

எங்களை விளையாட்டு மண்டபம் ஒன்றில் விட்டிருந்தார்கள். அரசாங்கம் தருவதாகச் சொன்னவை மூன்று: கட்டில், குளியல், பாண். வேலை செய்ய விடவில்லை. சமைக்கவும் விடவில்லை. காலை பாண், மத்தியானம் பாண், இரவும் பாண், நடுவில் சீஸ். நவரத்தினம் சீஸை மணந்து பார்த்துவிட்டு, "அண்ணை, இது குளியலுக்குத் தந்ததோ, பாணுக்குத் தந்ததோ?" என்று கேட்டான்.

ஒரு நாள் சைக்கிளில் பனைபோல ஒருவர் வந்து இறங்கினார். பூகோளம் படிப்பிக்கும் வாத்தியார், நகரசபைக்குப் புதிது. நாங்கள் நெட்டையர் என்று பெயர் வைத்தோம். என்ன வேண்டும் என்று கேட்டார். "ரைஸ்" என்றேன். "வெள்ளிக்கிழமை" என்றார். வெள்ளிக்கிழமை அரிசி மூட்டையும் காஸ் அடுப்பும் வந்தன. சமைத்தால் மண்டபம் தீப்பிடிக்கும் என்று மேலிடத்தில் தடுத்தார்கள். இவர் பேசவில்லை, கத்தவில்லை. அன்றிரவு தலையணையோடு வந்து எங்கள் நடுவில் படுத்தார். "தீப்பிடித்தால் நானும்தான்" என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் தடுக்கவில்லை.

தமிழில் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: "போட்டு வாறன்." பெருமையாகச் சொல்லிவிட்டுப் போவார். கிறிஸ்துராஜாவின் தாய் ஊரில் மோசம்போன செய்தி வந்த அன்று மண்டபமே செத்த வீடாக இருந்தது. வந்து இருந்தார். எழும்பும்போது வழக்கம்போல "போட்டு வாறன்" என்றார். எல்லோரும் விறைத்துப் போனார்கள். வெளியே கூட்டிப்போய் விளங்கப்படுத்தினேன்: செத்த வீட்டில் வாவென்று கூப்பிடுவதுமில்லை, போய்வருகிறேன் என்று சொல்லுவதுமில்லை, பேசாமல் வந்து இருந்துவிட்டுப் பேசாமல் போகவேண்டும். மனுசன் காதெல்லாம் சிவந்து நின்றார்.

இனி என்னுடைய கேள்வி. நேற்றுக் கமலேஸ்வரி கதைத்தாள். யாரோ வைத்திருக்கும் சற்றலைற் போனுக்கு வரிசையில் நின்று எடுத்திருக்கிறாள்.

"அண்ணை, பக்கத்துக் கொட்டில் சிவானந்தன் குடும்பம் கடலேரித் தண்ணிக்குள்ளால ஆமியின்ர பக்கம் போகப் போகுது. என்னையும் வரட்டாம். கழுத்தளவு தண்ணியாம். இல்லாட்டி கடற்கரைப் பள்ளிக்கூடத்தில ஆஸ்பத்திரி நடக்குது, அங்க போய் நிக்கலாம். நான் என்ன செய்ய?"

"பொறு, கேட்டுச் சொல்லுறன்."

"ஆரைக் கேப்பியள்? நெட்டையரையோ? அந்தாள் இன்னும் வளருதோ?"

சிரித்தாள், பிள்ளை. பின்னால் வெடிச்சத்தம் கேட்கிறது, இவள் சிரிக்கிறாள். ஊரில் சின்னனில் நீ மண்ணில் விழுந்தால் உன்னை அடிக்காமல் மண்ணை அடிப்பாளே, அவள்.

ஒன்று மட்டும் கேள். தண்ணீரா, ஆஸ்பத்திரியா?

அப்பா


நோர்பரி
3 மார்ச் 2009

அன்புள்ள அப்பா,

கேட்டேன்.

படிக்கட்டில் வைத்துக் கேட்டேன், மேசைக்குக் கொண்டுவரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள. அவர் நிற்காமல் இறங்கிப் போனார். அடுத்த நாள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். டச்சில் பேசினார். என்னோடு அவர் டச்சு பேசுவது அபூர்வம்.

"அந்த ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்பதை இரண்டு தரப்புக்கும் கொடுத்திருக்கிறோம். வரைபடத்தில் சரியான புள்ளி. நாங்கள் வேலை செய்யும் முறை அதுதான். இடம் தெரிந்தால் தவிர்ப்பார்கள்."

"அப்படியானால் அங்கே நிற்கச் சொல்லலாமா?"

"நான் எதையும் சொல்லச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்." பிறகு கேட்டார்: "உன் அப்பாவுக்கு இன்னும் சீஸ் பிடிக்காதா?"

அப்பா, இரண்டு வருடங்களாக இந்த அலுவலகத்தில் எத்தனையோ ஊர்களின் ஆஸ்பத்திரிகளுக்கு இப்படிப் புள்ளி போட்டு அனுப்பியிருக்கிறோம். பெரும்பாலும் பலித்திருக்கிறது. மாமிக்கு நீந்தத் தெரியாது. கழுத்தளவு என்று சொல்பவர்கள் யாருடைய கழுத்தைச் சொல்கிறார்கள்? ஆஸ்பத்திரிப் பக்கம் நிற்பதுதான் நல்லது என்று நானும் நினைக்கிறேன். இதை எழுதும்போது கனகாலத்துக்குப் பிறகு பசித்தது. டூட்டிங் போய் இடியப்பமும் சொதியும் வாங்கி வந்து சாப்பிட்டேன்.

சயந்தினி


ஹோல்டர்வைக்
12 மார்ச் 2009

என் பிள்ளைக்கு,

நீ என் மகள்தான். கோபத்தில் கதைத்ததை மனதில் வைத்திருக்காதே.

கமலேஸ்வரி எடுத்தாள். உன் கடிதத்தை அப்படியே வாசித்துக் காட்டினேன். "நெட்டையர் சொன்னதெண்டால் சரி அண்ணை. வெள்ளிக்கிழமை அரிசி வந்ததெல்லோ" என்றாள். அந்தக் கதையை அவளுக்கு எத்தனை தரம் எழுதியிருப்பேன்! சிவானந்தன் குடும்பம் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. சிவானந்தன் கடைசிவரை கூப்பிட்டானாம். இவள் போகவில்லை. ஆஸ்பத்திரியில் கஞ்சி காய்ச்சுகிறாளாம். சேலைன் போத்தல் கொழுவ இடமில்லாமல் மரக்கிளையில் கட்டுகிறார்களாம். "நல்ல நிழல் மரம் அண்ணை" என்றாள்.

லண்டனில் எங்கள் சனம் ரோட்டில் இறங்கப் போகுது என்று கேள்விப்பட்டேன். கத்தட்டும். நாங்களும் மண்டபத்து வாசலில் எவ்வளவோ கத்தினோம். ஒன்றும் வரவில்லை. கத்தாத ஒருவர் வந்தார், அரிசி வந்தது. உன் கட்டுரையில் இதை எழுது.

இந்தச் செய்தியைச் சொல்ல நேரே போன் எடுக்கலாம் என்று நினைத்தேன். லைன் சும்மா இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்பா


நோர்பரி
21 ஏப்ரல் 2009

அப்பா,

நான் அனுப்பிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. மாமி எடுத்தாவா?

இரண்டு கிழமையாக நாடாளுமன்றச் சதுக்கத்தில் எங்கள் சனம் இருக்கிறது. காலையில் நிலக்கீழ் ரயிலிலிருந்து ஏறி வந்தால் முதலில் கேட்பது பறைச்சத்தம். அடையாள அட்டையைக் கோட்டுக்குள் தள்ளிவிட்டு அவர்களைத் தாண்டிப் போகிறேன். மூன்றாம் மாடிவரை சத்தம் வருகிறது. கூட்டம் தொடங்கும்போது யாராவது எழுந்து ஜன்னலைச் சாத்துவார்கள். நேற்று நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாத்தினேன்.

ஆஸ்பத்திரிகளைப் பற்றி வரும் செய்திகள் நல்லதாக இல்லை. அறிக்கை ஒன்று எழுதினோம். நான் எழுதியதில் இருந்த கோபத்தை ஹாவர்காம்ப் ஒவ்வொரு சொல்லாக எடுத்தார். "கோபப்பட்டால் நாளைக்கு என் போனை எடுக்க மாட்டார்கள்" என்றார். கடைசியில் மிஞ்சியது "ஆழ்ந்த கவலை". அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எல்லாவற்றிலும் நியாயம் இருக்கிறது, அப்பா.

வேலை முடிந்து சதுக்கத்தின் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். விம்பிள்டனிலிருந்து வந்த அன்ரி ஒருவர் பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"வேலையால வாறியளோ பிள்ளை? முகம் வாடிக் கிடக்கு. எங்க வேலை?"

"பக்கத்திலதான் அன்ரி."

"பக்கத்தில எண்டால் பாராளுமன்றமோ?" என்று சிரித்தார். "உள்ள இருக்கிற ஆக்களுக்குக் கேக்குதோ எண்டு ஒருக்கால் கேட்டுச் சொல்லுங்கோ. தொண்டை போட்டுது."

கேட்கிறது என்று நான் சொல்லவில்லை.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

சயந்தினி


ஹோல்டர்வைக்
29 ஏப்ரல் 2009

சயந்தினி,

சிவானந்தனின் தம்பி பாரிசிலிருந்து எடுத்தான். சிவானந்தன் குடும்பம் முழுவதும் முகாமில் உயிரோடு இருக்கிறது. சின்னப் பிள்ளைகள்கூட. தண்ணீர் கழுத்தளவு வரவில்லையாம். நெஞ்சளவுதானாம்.

ஆஸ்பத்திரியில் கமலேஸ்வரியோடு நின்ற பெண்ணொருத்தி காயத்தோடு அதே முகாமுக்கு வந்திருக்கிறாள். அவள் சொன்னது. காலையில் ஷெல் விழுந்தது. கஞ்சிக்குச் சனம் வரிசையில் நின்ற நேரம். கமலேஸ்வரி அடுப்படியில் நின்றாள். அங்கேயே, அந்த மரத்தடியிலேயே குழி வெட்டித் தாட்டுவிட்டார்களாம்.

உன் கடிதத்தை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். என்ர வாயால்.

இனி எழுதாதே.

அம்பலவாணன்


நோர்பரி
8 மே 2009

அப்பா,

எழுதாதே என்றீர்கள். போன் எடுத்தால் வைக்கிறீர்கள். லைனைத் திறந்து வைக்க இனி யாருமில்லை, என்றாலும் வைக்கிறீர்கள். முன்பெல்லாம் அப்பா என்று போடுவீர்கள். இந்த முறை பெயரைப் போட்டிருந்தீர்கள். அந்தக் கையெழுத்தைத்தான் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹாவர்காம்பிடம் போனேன். நேரம் கேட்காமல், கதவைத் தட்டாமல்.

"என் மாமி செத்துவிட்டா. நீங்கள் புள்ளி போட்ட ஆஸ்பத்திரியில். நீங்கள் சொன்னதை நான் எழுதினேன், நான் எழுதியதை அப்பா வாசித்தார், அவ அங்கேயே நின்றா."

கதிரையில் இருந்தபடியே என்னைப் பார்த்தார். எவ்வளவு உயரமான மனிதர், அப்பா. அன்று அந்த உயரத்தை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல இருந்தார்.

"அந்த இடத்தைக் கொடுத்தேன். அதற்கு மேல் கொடுக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை."

"அன்றைக்கு உங்களிடம் ஒரு மூட்டை அரிசி இருந்தது."

"அன்றைக்கு நானும் அந்த மண்டபத்தில் படுத்திருந்தேன்" என்றார்.

எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். சதுக்கத்துச் சத்தம் முழுவதும் அறைக்குள் வந்தது. இருவரும் கேட்டுக்கொண்டு நின்றோம். பிறகு அடுத்த சந்திப்புக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று வெளியிலிருந்து சொன்னார்கள். அவரே ஜன்னலைச் சாத்தினார். சாத்திய பிறகும் கையைக் கொக்கியிலிருந்து எடுக்காமல் நின்றார்.

அப்பா, "நானும் நினைக்கிறேன்" என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரி எழுதினேன். அது அவர் சொன்னதில்லை. அது என்னுடையது. அவரை மட்டும் கோபிக்காதீர்கள், உங்களை மட்டும் கோபிக்காதீர்கள்.

சயந்தினி


நோர்பரி
20 மே 2009

அப்பா,

எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். சதுக்கத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்த விம்பிள்டன் அன்ரி பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திறக்காமல் இருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். இந்த முறை எங்கே வேலை என்று சொன்னேன். அவர் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

விருந்துக்கான கட்டுரையை முடிக்கச் சொல்கிறார்கள். மண்டபத்தையும் அரிசியையும் எழுதவா, விடவா? எழுதினால் மாமிக்குச் செய்யும் துரோகம்போல இருக்கிறது. விட்டால் பொய். அது உங்கள் கதை. நீங்கள் சொல்லாமல் ஒரு சொல்லும் எழுதமாட்டேன்.

சயந்தினி


ஹோல்டர்வைக்
14 ஜூன் 2009

பிள்ளை,

போன ஞாயிறு நெட்டையர் வந்தார்.

கார் இல்லை. ஸ்டேசனிலிருந்து நடந்து வந்திருக்கவேண்டும், மழையில் நனைந்திருந்தார். கதவைத் திறந்தேன். நான் வாவென்று சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கமலேஸ்வரியின் படத்துக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். முழங்கால் மடங்கவில்லை, வயதாகிவிட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் இருந்தார்.

கையில் ஒரு பை. அரிசி. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததென்று சொல்லத் தெரியவில்லை. எடுத்து அவருடைய முகத்தில் எறிய வேண்டும் போலவும் இருந்தது, உலை வைக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. கேட்க வேண்டுமென்று பாடமாக்கி வைத்திருந்த கேள்வியெல்லாம் டச்சிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. விளக்கு எரிந்தது. இரண்டு கிழவர்கள் இருந்தோம்.

பிறகு சுவரைப் பிடித்து எழும்பினார். வாசலில் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாய் அசைந்தது. ஒன்றும் சொல்லாமல் போனார்.

மறக்கவில்லை, பிள்ளை. நான் சொல்லிக்கொடுத்ததை இத்தனை வருசம் மறக்காமல் வைத்திருக்கிறார். அதற்காக அவரை மன்னிக்கவும் முடியவில்லை. அதற்குப் பிறகு வெறுக்கவும் முடியவில்லை. அந்தப் பை குசினி மேசையில் அப்படியே இருக்கிறது. பிரிக்கவில்லை, எறியவும் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில்: எழுது. அரிசி வந்தது உண்மை. தலையணையோடு வந்து படுத்தது உண்மை. நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்கினால் கமலேஸ்வரி ஒரு பொய்யை நம்பி அங்கே நின்றாள் என்று ஆகிவிடும்.

உன்னோடு எனக்குக் கோபம் இல்லை. நீ போனில் அப்பா என்று சொல்லும்போது எனக்கு அந்தக் கடிதம் வாசித்த என்னுடைய குரல் கேட்கிறது. அதனால்தான் வைக்கிறேன். அது எப்போது நிற்கும் என்று தெரியாது. முப்பத்தோராம் நாள் சடங்கும் செய்து முடித்துவிட்டேன். ஆனால் உடல் காணாத வீடு எந்தத் தேதியோடு செத்த வீடாக இல்லாமல் போகும் என்று ஐயரும் சொல்லவில்லை.

அப்பா


நோர்பரி
27 ஜூன் 2009

அன்புள்ள அப்பா,

விருந்து முடிந்தது. நான் எழுதியதை இங்கிலிஷில் ஒருவர் அழகாக வாசித்தார். சீஸும் குளியலும் வந்த இடத்தில் சிரித்தார்கள். "தீப்பிடித்தால் நானும்தான்" என்ற இடத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள். மாமி அதில் இல்லை. பொதுவாழ்வுச் சுருக்கத்தில் மாமிக்கு இடமில்லை.

பிறகு ஹாவர்காம்ப் பேசினார். நன்றாகத்தான் பேசினார். எங்கே சிரிக்க வைக்க வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று தெரிந்த மனிதர். ஓரிடத்தில் மட்டும் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். கிளாஸ் வெறுமையான பிறகும் அதை வாயிலிருந்து எடுக்கவில்லை. பிறகு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். செப்டெம்பரிலிருந்து அவருக்கு வேறு நாடு, வேறு யுத்தம். அங்கேயும் ஆஸ்பத்திரிகள் இருக்கும். அங்கேயும் புள்ளி போடுவார்கள். போடாமல் விடுவது இதைவிட மோசம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு இந்த அலுவலகத்தில் இருக்க என்னால் முடியாது. அடையாள அட்டையை வரவேற்பு மேசையில் வைத்துவிட்டு நடந்து வந்தேன். சதுக்கத்தில் கூட்டம் கலைந்துவிட்டது. புல் தேய்ந்த இடங்கள் மட்டும் தெரிந்தன.

அப்பா, வரும் சனிக்கிழமை நான் வீட்டுக்கு வருகிறேன். முன்கூட்டி போன் எடுக்கமாட்டேன். என் குரலை நீங்கள் கேட்க வேண்டியதில்லை. வாவென்று நீங்கள் சொல்லவேண்டியதும் இல்லை. செத்த வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள். கதவை மட்டும் பூட்டாமல் விடுங்கள். நான் வந்து மாமியின் படத்துக்கு முன்னால் இருப்பேன். எவ்வளவு நேரமென்றாலும் பேசாமல் இருப்பேன்.

அந்த அரிசியை நான் வரும்வரை பிரிக்காதீர்கள். பசித்தால், உலை வைப்பதா வேண்டாமா என்று அன்றைக்கு இருவருமாகப் பார்ப்போம்.

சயந்தினி